குஞ்சக் கூடத்தில் துப்பறியும் கதைகள்

இருபத்து நான்காம் வயதில் ஒரு வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் வேறு சொல் பொருந்தவில்லை. ராஜினாமா செய்வதற்கு நியமன உத்தரவு எதுவும் இருந்ததில்லை. யாரும் என்னை நீக்கவும் இல்லை. இளங்கலை இரண்டாம் ஆண்டில் தொடங்கி முதுகலை முடியும் வரை, சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடிக் கூடத்தில், பட்டுச் சேலைகளுக்குக் குஞ்சம் கட்டும் பெண்களுக்குப் பிற்பகல்தோறும் துப்பறியும் கதை வாசித்தேன். ஆய்வுப் படிப்புக்காக வெளியூர் செல்ல நேர்ந்ததும் எழுந்து வந்துவிட்டேன். என் இருக்கையில் இப்போது அபிராமி என்ற மாணவி அமர்கிறாள். எப்படி வாசிக்க வேண்டும் என்று எழுதித் தரும்படி அவள் கேட்டாள். கூடத்தை நடத்தும் சேலைக்கடையின் முதலாளியோ, கைப்பேசியே இப்போது வாசித்துவிடுகிறதே, ஆள் எதற்கு என்று ஒரு யோசனை சொல்லியிருக்கிறாராம். இருவருக்குமாகச் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

தறியிலிருந்து இறங்கும் பட்டுச் சேலையின் முந்தி ஓரத்தில் நெய்யப்படாத இழைகள் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றைச் சம அளவில் பிரித்து, முறுக்கி, வரிசை வரிசையாக முடிச்சிட்டு, நுனியைக் கத்தரித்துச் சீராக்க வேண்டும். அதுதான் குஞ்சம் கட்டுவது. கைக்கும் கண்ணுக்கும் ஓய்வில்லாத வேலை. காதுக்கு மட்டும் எதுவும் இல்லாத வேலை. நான் வருவதற்கு முன்பு அங்கே கைப்பேசியில் தொடர் ஓடிக்கொண்டிருந்ததாம். கண் திரைக்குப் போக, முடிச்சு கோணிற்று. பிறகு பண்பலை வைத்தார்கள். எந்த அலைவரிசை என்பதில் இரண்டு பேர் ஒரு மாதம் பேசாமல் இருந்தார்கள். கூடத்தின் மேற்பார்வையாளர் லோகநாயகி அம்மாள் இரண்டையும் நிறுத்திவிட்டு, வாசிக்க ஓர் ஆள் தேடினார். அங்கே வேலை செய்த ஸ்டெல்லாவின் மகள் என் கல்லூரியில் எனக்கு இளையவள். அவள் வழியாகச் செய்தி என்னிடம் வந்தது.

முதல் நாள் என்னைப் பார்த்ததும் முனியம்மா என்பவர் பக்கத்திலிருந்தவரிடம், இவள் வாய் திறந்து பேசுவாளா என்று கேட்டது என் காதிலும் விழுந்தது. நியாயமான ஐயம்தான். நான் வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூடக் கையை மட்டும் உயர்த்துகிறவள். ஆனால் அச்சிட்ட வரி முன்னால் இருந்தால் எனக்குக் கூச்சம் இல்லை; அது என் பேச்சு அல்லவே. முதல் சில வாரங்கள் குரல் தொண்டைக்குள்ளேயே தங்கியது. பிறகு மின்விசிறியின் இரைச்சலுக்கு மேலாகவும் உறக்கத்துக்குக் கீழாகவும் ஓர் இடம் இருக்கிறது என்று கண்டுகொண்டேன். அங்கே குரலை நிறுத்திவைக்கப் பழகிய பிறகு பயிற்சி என்று சொல்ல வேறொன்றும் மிச்சமில்லை.

லோகநாயகி அம்மாளைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. முடிந்த சேலையை மடியில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, சுட்டுவிரலால் குஞ்சத்தின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிப் போவார். விரல் எங்கே நிற்கிறதோ அங்கே பிழை. கதையையும் அப்படியே கேட்டார். ஒருநாள் நேரமாகிவிட்டதென்று ஒரு தோட்டத்து வருணனையை, எட்டோ பத்தோ வரிகளை, சத்தமில்லாமல் தாண்டினேன். அடுத்த பத்தி முடிந்ததும் மூடிய கண் திறக்காமலே சொன்னார்:

"அந்தம்மா கேட்டுலேர்ந்து நேரா அடுப்பங்கரைக்குப் பறந்தா போச்சு? நடுவுல ஒரு தோட்டம் இருக்குமே."

திரும்பிப் போய் அந்த வரிகளை வாசித்தேன். அதன் பிறகு எதையும் தாண்டியதில்லை.

அவரிடம் ஒரு பலவீனமும் இருந்தது. முடிவை முன்கூட்டியே யாரும் கேட்கக் கூடாது, வாசிப்பவள் சொல்லவும் கூடாது என்பது அவரே வகுத்த விதி. அந்த விதியால் அதிகம் துன்பப்பட்டவர் அவர்தான். கதை பாதி தாண்டியதும் என் பையை ஏக்கத்தோடு பார்ப்பார். குற்றவாளி வெளிப்பட்டதும் தனக்கு அப்போதே தெரியும் என்பார். ஒருவரும் நம்பியதில்லை.

நாங்கள் வாசித்தவை ரத்தம் தெறிக்கும் கதைகள் அல்ல. அப்படி ஒன்றைத் தொடக்கத்தில் எடுத்துவந்தேன். இருட்டில் ஒருவன் ஒரு பெண்ணைத் துரத்திவரும் அத்தியாயம். மறுநாள் நான் போனபோது லோகநாயகி அம்மாள் முதல் நாள் கட்டிய சேலைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று சேலைகளில் முடிச்சு ஒரே மாதிரி இறுகி, வரிசையை விட்டு மேலே ஏறியிருந்தது. பயந்தால் விரல் இழுக்கும்; இழுத்தால் முடிச்சு ஏறும். அவர் ஒரு முடிச்சில் விரலை வைத்து, "இங்கதான் அவன் தொரத்திக்கினு வந்தானா?" என்று கேட்டார். அந்த இடத்தில்தான் வந்திருந்தான். மூன்றையும் பிரித்துக் கட்ட அரை நாள் போயிற்று.

அன்றிலிருந்து ஒரு நடைமுறை ஏற்பட்டது. இதை அபிராமி கவனமாகக் கொள்ள வேண்டும், முதலாளியும்தான். முடிச்சிடும்போது ஊர், வீடு, வானிலை, சாப்பாடு, சாதாரணப் பேச்சு ஆகியவற்றை வாசிக்கலாம். நெஞ்சு அடித்துக்கொள்ளும் பகுதியை இழை பிரிக்கும்போதுதான் வாசிக்க வேண்டும். பிரித்த இழை நடுங்கினாலும் மறுபடி பிரித்துக்கொள்ளலாம். ஒரு வரிசை முடிகிற வரை பத்தியை நீட்டவோ, இரண்டு வரிகளுக்கு நடுவே மூச்சு விட்டுக் காத்திருக்கவோ வேண்டும். இதற்காக ஒவ்வோர் அத்தியாயத்தையும் வீட்டில் ஒருமுறை படித்து, எங்கே நிற்பது என்று பென்சிலால் சிறு கோடு போட்டுவருவேன். கைப்பேசிக்கு எந்த வரிசை எப்போது முடியும் என்று தெரியாது.

சந்தேகத்துக்கும் ஒரு முறை இருந்தது. கூடத்தின் சுவரில் பட்டு நூல் தொங்கவிட ஆணிகள் வரிசையாக அடிக்கப்பட்டிருந்தன. ஒரு கதைக்கு ஐந்தாறு ஆணிகளை ஒதுக்குவோம். ஆணிக்கு ஒரு சந்தேக நபர். பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். கத்தரித்து விழுந்த இழையில் தன் நிறத்தை எடுத்து, குற்றவாளி என்று கருதும் ஆளின் ஆணியில் கட்டிவிட வேண்டும். கட்டியதை அவிழ்க்கக் கூடாது. சரியாகக் கட்டியவருக்கு அடுத்த கதை முடியும் வரை மின்விசிறிக்கு நேர் கீழே இடம். சித்திரை வெயிலில் அதைவிடப் பெரிய பரிசு இல்லை.

பிறகுதான் மேலூற்றுக் கதைகள் எங்களுக்குக் கிடைத்தன. பழைய புத்தகக் கடையொன்றில் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருந்த பதினொரு புத்தகங்கள். மேலூற்று என்பது ஒரு கற்பனை மலையூர். ஒரு ரொட்டிக்கடை, ஓர் அஞ்சலகம், பனியில் பாதி மறைந்த ஒரு கோயில், மூன்று தெரு. அங்கே பங்கஜவல்லி என்ற, தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள் வசிக்கிறார். வேலைக்காலம் முழுதும் பிறர் பேச்சை இணைத்துக் கொடுத்துவிட்டு, கேட்காமல் இருந்தவர். இப்போது கேட்கிறார், அவ்வளவுதான். ஊரில் ஏதாவது நடக்கும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இஞ்சித் தேநீர் கொடுத்துப் பேசவிட்டே உண்மையைக் கண்டுபிடித்துவிடுவார். யாரும் யாரையும் துரத்துவதில்லை. இறப்பவர்கள்கூடக் கதவுக்கு அப்பால்தான் இறப்பார்கள்.

வகுப்பறையில் இவ்வகை நூல்களுக்கு மதிப்பில்லை. எல்லாம் ஒரே அச்சு என்பார்கள். ஒரே அச்சு என்பது உண்மை. அதன் இன்பமும் அங்கேதான் இருக்கிறது என்பதை அந்தக் கூடத்தில் உட்கார்ந்துதான் அறிந்தேன். இரண்டாம் புத்தகத்தைத் திறக்கும்போதே ரொட்டிக்கடைக்காரர் எந்தப் பல்லால் சிரிப்பார் என்று எங்களுக்குத் தெரியும். நான்காம் புத்தகத்தில் அஞ்சலகத்துப் படி ஒன்று உடைந்தது. ஆறாம் புத்தகத்தில் அது இன்னும் சரிசெய்யப்படவில்லை என்றதும் கூடமே கோபப்பட்டது. முன்பின் அறியாத ஊர் ஒன்று மெல்ல மெல்ல நம் வார்டைவிட நெருக்கமாகிவிடுகிறது. அங்கே எது குலைந்தாலும் கடைசி அத்தியாயத்துக்குள் யாரோ ஒருவர் பொறுமையாகச் சரிசெய்வார் என்ற உறுதி வேறு. அந்த உறுதி இருக்கும்போது சந்தேகம்கூட ஒரு சுகம்.

கூடத்தின் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. பிற்பகலில் அதன் வழியே ஒரு சதுர வெளிச்சம் இறங்கி, சேலை சேலையாக நகரும். மயில்கழுத்து நிறத்தில் சற்று நின்று, அரக்கில் மங்கி, மாம்பழ மஞ்சளில் திடீரென்று கூடத்தையே ஒளிரச் செய்யும். பட்டின் மெல்லிய தூசு அந்த வெளிச்சத்தில் பனியைப் போலச் சுற்றும். வெளியே கோடை கொளுத்தும். நான் மேலூற்றில் மழை பெய்வதை வாசித்துக்கொண்டிருப்பேன். ஒருமுறை முனியம்மா விரலை நிறுத்தாமலே எட்டிப் போர்வைத் துணியொன்றை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். யாருக்கும் அது விந்தையாகப் படவில்லை. யூகலிப்டஸ் வாசனை வருகிறதே என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. என் குரல் என்னிடமிருந்து பிரிந்து, இழைகளுக்கு நடுவே தானாகப் போய்வருவதுபோல் இருக்கும்.

பேச்சும் இருக்கும். முனியம்மாவுக்குப் பங்கஜவல்லி மேல் ஒரு தீராத குறை. "ஒரு நாளாவது சோறாக்குனான்னு இருக்குதா பாரு. டீயக் குடிச்சுக்கினே கண்டுபுடிச்சுடறா." ஸ்டெல்லாவோ, அந்த ஊருக்கு மட்டும் வாழ்க்கைப்படக் கூடாது, மாதம் ஒருவர் போய்விடுகிறார் என்பார்.

கஸ்தூரி அதிகம் பேசமாட்டார். அவர் நிறம் கடுகு மஞ்சள். பக்கத்து ஊரான கூரத்திலிருந்து பேருந்தில் வருவார். கணவர் இல்லை, பிரபு என்று ஒரே மகன், ஜரிகைக் கடையொன்றில் வேலை பார்த்தான். மேலூற்றில் கஸ்தூரிக்குப் பிடித்தவன் சேது. முதல் புத்தகத்திலேயே பால் கேனோடு வந்துவிடுகிறவன். பால் ஊற்றுவான், எரிவாயு உருளை தூக்குவான், எல்லார் வீட்டுக்குள்ளும் போய்வருவான். கதை எதுவானாலும் அவன் வந்து போகிற ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தில் கஸ்தூரியின் உதடு லேசாக அசையும்.

பதினோராம் புத்தகத்தைத் தொடங்கிய வாரத்தில் பிரபுவின் கடையில் ஜரிகைக் கட்டுகள் சில காணாமல் போயின. அங்கே மூன்று பையன்கள் வேலை செய்தார்கள். கடைக்காரர் பிரபுவை மட்டும் வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். மாதக் கடைசிக்குள் பொருள் திரும்பி வந்தால் அத்தோடு மறந்துவிடுவதாகவும், வராவிட்டால் காவல் நிலையத்துக்குப் போவதாகவும் சொல்லி அனுப்பினார். இதைக் கஸ்தூரியே கூடத்தில் சொன்னார். சொல்லிவிட்டு, "எம் புள்ள எடுக்க மாட்டான். அது அவங்களுக்கே தெரியும்," என்று இழையைப் பிரிக்கத் தொடங்கினார். எல்லாரும் ஆமாம் என்றோம்.

அந்தப் புத்தகம் அப்போது கைக்கு வந்தது தற்செயல். மேலூற்று வரிசையில் அதுவே கடைசி. அதில் யாரும் இறப்பதில்லை. மலைக்கோயிலின் வெள்ளிச் சரவிளக்கு காணாமல் போகிறது, அவ்வளவுதான். ஊர் முதலில் சந்தேகிப்பது சேதுவை. அந்த அத்தியாயத்தை வாசித்தபோது கூடத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. கஸ்தூரி மட்டும் நிமிர்ந்து, அமைதியான முகத்தோடு சொன்னார்: "மொதல்ல யார் மேல பழி வருதோ, அவங்க இருக்க மாட்டாங்க. பத்து கதையிலயும் அப்படித்தான வந்துது?"

அவர் சொன்னது சரி. பத்துப் புத்தகங்களிலும் முதலில் சந்தேகிக்கப்பட்டவர் நிரபராதி. இவ்வகைக் கதைகளின் மரபு அது. மற்றவர்களுக்கு அது விளையாட்டின் விதி. கஸ்தூரிக்கு அந்த மாதம் அது சட்டமாகிவிட்டது. மாலையில் பேருந்துக்குக் கிளம்பும்போதுகூட, பங்கஜவல்லி இன்னும் யாரிடம் பேசவில்லை என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டு போவார்.

ஆணிகளில் இழை கட்டும் நாள் வந்தது. கோயில் கணக்கர், வெள்ளி வியாபாரி, புதிதாக வந்த ஓவியர், ரொட்டிக்கடைக்காரரின் மைத்துனர், சேது. ஐந்து ஆணிகள். ஒவ்வொருவராக எழுந்து கட்டினார்கள். முடிந்தபோது சேதுவின் ஆணியில் ஓர் இழைகூட இல்லை. யார் சொல்லியும் நடந்ததல்ல. எப்போதும் வம்புக்கென்றே யாரும் கட்டாத ஆணியைத் தேடிக் கட்டும் முனியம்மாகூட அன்று கணக்கரின் ஆணிக்குத்தான் போனார். வெற்று ஆணி எல்லாவற்றையும்விட அதிகமாகக் கண்ணில் பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பென்சில் கோடு போடுவதற்காகப் புத்தகத்தைக் கடைசிவரை படித்தேன். விளக்கை எடுத்தவன் சேதுதான்.

முதலில் ஏதோ தவறாகப் படித்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பப் படித்தேன். பிறகு இலக்கியம் படிக்கும் ஒருத்தி செய்யக்கூடிய வேலையில் இறங்கினேன். முடிவை மாற்ற முடியுமா என்று பார்த்தேன். ஓவியரைக் குற்றவாளியாக்கலாம். ஆனால் விளக்கு மறைந்த காலையில் பால் தாமதமாக வந்ததென்று இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது, அதை வாசித்தாயிற்று. சேதுவின் சட்டையில் எண்ணெய்க் கறை இருந்தது, அதையும் வாசித்தாயிற்று. ஒவ்வொரு வரியும் அவனை நோக்கி அமைதியாக நடந்துபோயிருந்தது. நாங்கள்தான் பார்க்க விரும்பவில்லை. ஓர் இழையை உருவினால் முந்தி முழுதும் கையோடு வந்துவிடும்.

திங்களன்று சீக்கிரமே போய் லோகநாயகி அம்மாளிடம், முடிவு இன்னதென்று சொல்லாமல், இந்தப் புத்தகத்தை இப்போது நிறுத்திவிட்டு வேறொன்று தொடங்கலாமா என்று கேட்டேன். அவர் மடியில் ஒரு சேலை இருந்தது. விரல் பாதியில் நின்றது. அவ்வளவிலேயே புரிந்துகொண்டுவிட்டார். வாழ்க்கையில் ஒருமுறையாவது முடிவு முன்கூட்டித் தெரிய வேண்டுமென்று ஏங்கியவருக்கு, தெரிந்த அன்று அது வேண்டாததாக இருந்தது.

"நிறுத்துனா கஸ்தூரிக்குத் தெரியாதா? ஏன் நிறுத்துனாங்கன்னு அவளே முடிவு பண்ணிக்குவா," என்றார். பிறகு, "மாத்திப் படிக்கலாம்னு தோணுச்சா உனக்கு?" என்று கேட்டார்.

தோன்றியது என்றேன்.

"ஸ்டெல்லா பொண்ணு அந்தப் புத்தகத்த ஒருநாள் கேட்டு வாங்கிக்கினு போவும். அப்புறம் இந்த ரூம்ல நீ எத்த படிச்சாலும் ஒருத்தியும் நம்ப மாட்டா. கஸ்தூரிதான் மொதல்ல நம்ப மாட்டா." மறுபடி விரலை நகர்த்தத் தொடங்கினார். "இருக்கறத இருக்கறபடி படி. ஆனா முடிச்சுல உக்காந்திருக்கறப்போ படிக்காத. இன்னைக்கு எல்லாருக்கும் இழை பிரிக்கற வேலையா குடுத்துடறேன்."

பிற்பகலில் மாடிப்படியில் கஸ்தூரி எனக்காக நின்றிருந்தார். கையில் தூக்குப் பாத்திரம். "சொல்லக் கூடாதுன்னு தெரியும்மா. சேது இல்லல்ல? அது ஒண்ணு போதும், மீதிய மெதுவா கேட்டுக்கறேன்."

எனக்குப் பேசத் தெரியாது என்பதை முன்பே சொன்னேன். விதி இருக்கிறதே அம்மா என்று மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் செருப்பின் வாரைச் சரிசெய்யக் குனிந்தேன். நிமிர்ந்தபோது அவர் இரண்டு படி மேலே போயிருந்தார். திரும்பிப் போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. தன் இடத்தில் உட்கார்ந்து இழையை எடுத்துக்கொண்டார்.

கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். மற்றப் புத்தகங்களில் பங்கஜவல்லி ஊரையே கூட்டிவைத்து உண்மையைச் சொல்வார். இதில் யாரையும் கூப்பிடவில்லை. பால் ஊற்ற வந்த சேதுவை அடுப்படியில் உட்காரவைத்துத் தேநீர் கொடுக்கிறார். குடித்து முடிக்கும்வரை காத்திருக்கிறார். பிறகு, விளக்கை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார். அவன் மறுக்கவில்லை. எடுத்த அன்றே திருப்பி வைக்க நினைத்ததாகச் சொல்கிறான். ஆனால் அவனை நேசித்தவர்கள் எல்லாரும் நீ எடுத்திருக்க மாட்டாய் என்றே சொன்னார்களாம். நீ எடுத்தாயா என்று ஒருவரும் கேட்கவில்லையாம். எடுத்திருக்க மாட்டாய் என்று சொல்கிறவர்களிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டுவிட்டு அழுகிறான். வெளியே மழை பெய்கிறது. அவர் இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றுகிறார். அத்தோடு அந்த வரிசை முடிகிறது.

சதுர வெளிச்சம் அப்போது யார் சேலையிலும் இல்லை. வெறும் தரையில் கிடந்தது. இழை பிரித்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. முனியம்மாதான் முதலில் வாய் திறந்தார். "எல்லாரும் தோத்துட்டம். ஃபேனுக்குக் கீழ எவளும் உக்கார வேணாம்." யாரும் சிரிக்கவில்லை; அவரும் சிரிப்பை எதிர்பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

கஸ்தூரி கேட்டார்: "அந்தப் பையனுக்கு அம்மா இருக்குதுன்னு மூணாவது புக்குல வந்துதே, கீழத் தெருவுல. அது அப்புறம் இன்னா பண்ணுச்சு?"

புத்தகத்தில் அது இல்லை என்றேன்.

"இன்னொருவாட்டி பாரும்மா."

கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். அதன் பின்னால் அட்டைதான் இருந்தது. அதைத் திருப்பி அவருக்குக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, மாலை மணி அடிக்கும்வரை குனிந்தபடியே இழை பிரித்தார். அன்று அவர் பிரித்த சேலையில் ஓர் இழைகூடச் சிக்கலில்லை என்று லோகநாயகி அம்மாள் பிறகு சொன்னார்.

மறுநாள் கஸ்தூரி வரவில்லை. நான் எதையும் வாசிக்கவில்லை. வாசிக்கும்படி யாரும் கேட்கவுமில்லை. அதற்கடுத்த நாள் வந்தார். தூக்குப் பாத்திரத்தை மாட்டிவிட்டு, தன் இடத்தில் உட்கார்ந்து, பொதுவாக எல்லாரையும் பார்த்துச் சொன்னார்:

"கேட்டேன். சோறு போட்டு, சாப்ட்டு முடிக்கட்டும்னு இருந்து கேட்டேன். எடுத்தனாம். நேத்து ரெண்டு பேரும் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தோம்."

கடைக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். காவல் நிலையம் போகவில்லை. வேலை போயிற்று. எதற்காக எடுத்தான், இத்தனை நாள் எங்கே வைத்திருந்தான் என்றெல்லாம் கஸ்தூரி சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை. பதினொரு புத்தகங்களில் துருவித் துருவிக் கேள்வி கேட்டுப் பழகியவர்கள் அன்று ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்தார்கள். லோகநாயகி அம்மாள், மறுநாள் முகூர்த்தத்துக்குப் போக வேண்டிய கூறைச் சேலையை எடுத்துவந்து கஸ்தூரியின் மடியில் வைத்தார். கூடத்தில் நம்பிக்கையான கைக்கு மட்டும் கொடுக்கப்படும் சேலை அது. "பொழுதுக்குள்ள ஆவணும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு வேறொரு வரிசையைத் தொடங்கிப் பார்த்தோம். கடலோர ஊர், ஓய்வு பெற்ற மருந்தாளுநர், நல்ல நடை. ஆனால் கூடத்தில் எவருக்கும் மனம் ஒட்டவில்லை. தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்நியர்கள். மூன்றாம் நாள் ஸ்டெல்லா, மேலூற்றையே முதலிலிருந்து வாசித்தால் என்ன என்று கேட்டார். யாரும் கஸ்தூரியைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க எல்லாரும் எடுத்துக்கொண்ட முயற்சி எனக்குத் தெரிந்தது. கஸ்தூரி, அதையே எடுத்துவாம்மா என்றார்.

முதல் புத்தகத்தை மீண்டும் கொண்டுபோனேன். ஆணிகளுக்கு வேலையில்லை. யார் செய்தது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்த பிறகு கேட்பதில் வேறொரு இனிமை இருக்கிறது. விடை தேடும் அவசரம் போய்விட்டதால் பனியைப் பார்க்க முடிகிறது. ரொட்டியின் மணம் நிதானமாக வருகிறது. அஞ்சலகத்துப் படி இன்னும் உடையவில்லை. ரொட்டிக்கடைக்காரரின் மனைவி இன்னும் உயிரோடிருக்கிறார். எதிர்காலத்திலிருந்து ஓர் ஊருக்குத் திரும்பிவந்து, அங்குள்ளவர்கள் அறியாத எல்லாவற்றையும் அறிந்துகொண்டு, அவர்களோடு தேநீர் குடிப்பதுபோல அது இருந்தது.

இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பென்சில் கோட்டை நெருங்கினேன். வாசற்கதவு தட்டப்படுகிறது, பால் கேனின் மூடி கிணுங்குகிறது, சேது முதன்முதலாக மேலூற்றுக்குள் வருகிறான். அவன் பெயருக்கு முன்னால் என் குரல் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். எல்லார் விரல்களும் நின்றிருந்தன. கஸ்தூரியின் விரல்கள் மட்டும் வரிசையின் நடுவே முடிச்சிட்டுக்கொண்டிருந்தன, ஒன்றையும் மேலே இழுக்காமல்.

"ஏன்மா நிறுத்திட்ட?" என்றார். "படி. இங்க அவன் இன்னும் ஒண்ணுமே பண்ணல."